பென்டிரைவிலிருந்து பூட் ஆகிறது, ஆனால் விண்டோஸ் 11 நிறுவல் தொடக்கத்திலேயே நிற்கிறது

கேள்வி:
வணக்கம். என்னிடம் இருப்பது லினக்ஸ் கணினி. இன்னொரு கணினியில் விண்டோஸ் 11 நிறுவுவதற்காக, 16 ஜிபி பென்டிரைவை ஃபேட்32 என்ற கோப்பு அமைப்பு முறையில் ஃபார்மேட் செய்து, ஐஎஸ்ஓ கோப்பை (நிறுவல் வட்டின் முழு நகலை ஒரே கோப்பாக்கியது) திறந்து உள்ளிருந்தவற்றை அப்படியே நகலெடுத்தேன். ஒரே ஒரு கோப்பில் மட்டும் தடங்கல் வந்தது. தவிர்க்கவா என்று கேட்டதால் தவிர்த்துவிட்டேன். கணினி நன்றாகவே பூட் ஆகி, மொழியைத் தேர்ந்தெடுக்கும் திரையும் வருகிறது. ஆனால் நிறுவலைத் தொடங்கியதும், தேவையான டிரைவர் ஒன்று இல்லை என்ற செய்தியோடு நின்றுவிடுகிறது. மதர்போர்டுக்குரிய டிரைவர்களையெல்லாம் தேடிக் கொடுத்துப் பார்த்தும் பயனில்லை.

பதில் 1:
நீங்கள் தவிர்த்த அந்தக் கோப்புதான் காரணம் என்று நினைக்கிறேன். பென்டிரைவில் எவ்வளவு இடம் காலியாக இருந்தாலும், ஃபேட்32 முறையில் ஒரு தனிக் கோப்பு 4 ஜிபி அளவை எட்ட முடியாது. சோர்சஸ் ஃபோல்டரில் இருக்க வேண்டிய இன்ஸ்டால்.விம் கோப்புக்குள்தான் விண்டோஸ் முழுவதும் சுருக்கி வைக்கப்பட்டிருக்கிறது. அண்மைக்கால ஐஎஸ்ஓக்களில் அது அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறது. மொழித் திரை வரைக்கும் அதே ஃபோல்டரிலுள்ள சிறிய பூட்.விம் கோப்பே போதும் என்பதால், அதுவரை எல்லாம் சரியாக நடப்பதுபோலத் தெரியும். டிரைவர்களைத் தேடுவதை நிறுத்திவிடுங்கள். விம் கோப்புகளைக் கையாளும் விம்லிப் கருவியின் ஸ்பிளிட் கட்டளையால் அந்தக் கோப்பை 3800 எம்பி துண்டுகளாகப் பிரித்து, இன்ஸ்டால்.எஸ்டபிள்யூஎம் என்ற பெயரில் அதே ஃபோல்டரில் வைத்தால், நிறுவல் நிரல் தானாகவே அடையாளம் கண்டுகொள்ளும்.

பதில் 2:
மேலே சொன்னது சரி. பெரிய கோப்புகளையும் ஏற்கும் என்டிஎஃப்எஸ் முறைக்கு மாற்றிவிடலாமே என்று தோன்றும். ஆனால் யூஇஎஃப்ஐ (கணினியைப் பூட் செய்யும் மதர்போர்டு மென்பொருளுக்கான தரநிலை) விதிப்படி ஃபேட் வகையைப் படிப்பது மட்டுமே கட்டாயம் என்பதால், பல கணினிகள் அத்தகைய பென்டிரைவிலிருந்து நேரடியாகப் பூட் ஆவதில்லை. உபுண்டு ஐஎஸ்ஓவை எழுதுவதுபோல டிடி கட்டளையால் (ஐஎஸ்ஓவை அப்படியே பென்டிரைவில் பதிக்கும் லினக்ஸ் கட்டளை) எழுதவும் வேண்டாம். விண்டோஸ் ஐஎஸ்ஓ அதற்கேற்ப அமைக்கப்படவில்லை. நகலெடுப்பு முடிந்ததாகத் திரை காட்டினாலும், லினக்ஸ் பின்னணியில் எழுதிக்கொண்டிருக்கக்கூடும். முறைப்படி வெளியேற்றிய பிறகே பென்டிரைவைப் பிடுங்குங்கள்.

கேட்டவர்:
சோர்சஸ் ஃபோல்டரைத் திறந்து பார்த்தேன், இன்ஸ்டால்.விம் அங்கே இல்லவே இல்லை. பிரித்தபோது இரண்டு துண்டுகள் கிடைத்தன, இப்போது நிறுவல் தடையின்றி முடிந்துவிட்டது. நகலெடுக்கும் சாளரம் மறைந்த பிறகும் பென்டிரைவின் விளக்கு வெகுநேரம் மினுங்கிக்கொண்டே இருந்தது. நீங்கள் சொல்லியிராவிட்டால் அப்போதே பிடுங்கியிருப்பேன். இருவருக்கும் மிக்க நன்றி.