பூடான் எல்லை: குடும்பத்தோடு ஜெய்காவ்ன் வழியாகப் போக ஆதார் போதுமா?

வைகைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மே மாதம் டார்ஜிலிங், காங்டாக் என்று போட்ட திட்டத்தில் வீட்டில் பூடானையும் சேர்த்துவிட்டார்கள். சிலிகுரியிலிருந்து வண்டி பிடித்து ஜெய்காவ்ன் போய், எல்லையைத் தாண்டி புன்ட்சோலிங், அங்கிருந்து திம்பு, பாரோ. மொத்தம் ஆறு பேர். அப்பாவுக்கு 68, அம்மாவுக்கு 62, நான், மனைவி, மகளுக்கு 8, மகனுக்கு 4.

எனக்கும் மனைவிக்கும் பாஸ்போர்ட் இருக்கிறது. அப்பாவின் பாஸ்போர்ட் 2019-லேயே காலாவதி. ஒரு காலத்தில் மலேசியா போக எடுத்தது, அதோடு சரி. அவரிடமும் அம்மாவிடமும் வாக்காளர் அட்டை உண்டு. அப்பாவுடையது அந்தப் பழைய கறுப்பு வெள்ளைப் படம் போட்டு லேமினேட் செய்தது. பிள்ளைகளுக்கு ஆதார் மட்டும்தான் கையில் இருக்கிறது. வண்டிக்குப் பேசிய சிலிகுரி ஏஜென்ட் "ஆதார் போதும் சார், பார்டர்ல நம்ம ஆள் இருக்காரு" என்கிறார். அந்த 'நம்ம ஆள்' என்ற சொல்தான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

கேள்விகள்: ஆதார் செல்லுமா? தலைக்கு எவ்வளவு கட்ட வேண்டும்? சிலிகுரி வண்டியே உள்ளே போகலாமா? அப்புறம், மெல்போர்னில் இருக்கும் மச்சானும் வரப்போகிறேன் என்கிறார். அவரிடம் ஓசிஐ அட்டை, அதாவது வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்கு நம் அரசு தரும் அட்டை, இருக்கிறது. அவருக்கும் நம் கணக்குதானா?

தாமிரபரணி எழுதியது:

அண்ணே, கவலையே வேண்டாம். போன வருடம் கோரக்பூர் போய், சுனவுலி வழியாக லும்பினி போனோம். எங்கள் அப்பாவுக்கு 71. ஆதாரைக் காட்டினார், போ என்று விட்டுவிட்டார்கள். தங்கச்சி மகனுக்கும் ஆதார்தான். பூடானும் நம்மோடு சிநேகமான நாடுதானே, அதே மாதிரிதான் இருக்கும்.

ஆழியாறு எழுதியது:

தாமிரபரணி தம்பி சொன்னது பொய்யில்லை, ஆனால் அது நேபாளக் கதை. நேபாளத்துக்குத்தான் 65 வயதைத் தாண்டியவர்களும் 15 வயதுக்குக் கீழே உள்ளவர்களும் ஆதார் மாதிரி படம் போட்ட வேறு அட்டையைக் காட்டலாம். அந்தச் சலுகையைத் தூக்கிக்கொண்டு பூடான் வாசலுக்குப் போனால் திரும்பித்தான் வர வேண்டும்.

பூடானுக்குப் பெரியவர்கள் என்றால் இரண்டே இரண்டு: குறைந்தது ஆறு மாதம் உயிரோடு இருக்கும் பாஸ்போர்ட், இல்லையென்றால் வாக்காளர் அட்டை. ஆதார், பான், ஓட்டுநர் உரிமம் எதுவும் செல்லாது. 18 வயதுக்குக் கீழே என்றால் பாஸ்போர்ட் அல்லது பிறப்புச் சான்றிதழ், கூடவே பெற்றோர். ஆக, உங்கள் அப்பா அம்மா பிரச்சினையே இல்லை. பழைய அட்டையானாலும் ஒரிஜினலாக இருக்கட்டும். படம் மங்கியிருந்தால் மட்டும் இப்போதே புது அட்டைக்கு எழுதிப் போடுங்கள், மே மாதத்துக்கு நாள் இருக்கிறது.

பிள்ளைகள் விஷயத்தில்தான் நான் அடிபட்டேன், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். நாங்கள் 2023 நவம்பரில் போனோம். நான், வீட்டுக்காரர், மாமியார், ஒன்பது வயது மகள். முப்பது வருடம் வங்கியில் கணக்கு எழுதிய கை, தாள் விஷயத்தில் தவறு வராது என்று ஒரு திமிர். கிளம்ப மூன்று வாரம் இருக்கும்போது மகளின் பிறப்புச் சான்றிதழை பீரோவிலிருந்து எடுக்கிறேன், பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு! தேதி இருக்கிறது, எங்கள் இருவர் பெயரும் இருக்கிறது, குழந்தைக்கு மட்டும் பெயர் இல்லை. பிறந்த வாரமே பதிந்து வாங்கியது. பெயர் வைத்த பிறகு போய்ச் சேர்க்க வேண்டும் என்பதையே மறந்துவிட்டோம். பள்ளியில் ஆதாரை வைத்தே சேர்த்ததால் ஒன்பது வருடமாக அது யார் கண்ணிலும் படவில்லை. அப்புறம் பதிவு அலுவலகத்துக்கு நாலு நடை. முதல் நடையில் அந்த அலுவலர் லீவு, இரண்டாவதில் சர்வர் வேலை செய்யவில்லை, மூன்றாவதில் பள்ளிச் சான்று கேட்டார்கள். நாலாவதில் தாமதக் கட்டணம் கட்டி வாங்கினேன். கட்டணம் சொற்பம், ஆட்டோவுக்குத்தான் அதிகம் போனது. ஆகவே, இதைப் படித்து முடித்தவுடன் எழுந்து போய் இரண்டு சான்றிதழையும் எடுத்துப் பாருங்கள். பெயர் இருக்கிறதா, ஆங்கிலத்திலும் அச்சாகி இருக்கிறதா என்று. கையால் தமிழில் மட்டும் எழுதிய பழைய நகலாக இருந்தால் புதிதாக எடுத்துவிடுங்கள். அங்கே கவுன்ட்டரில் இருக்கும் பிள்ளைக்கு நம் எழுத்து தெரியாது.

எதுவுமே இல்லாமல் போய் நிற்பவர்களுக்குப் புன்ட்சோலிங்கில் இருக்கும் இந்தியத் துணைத் தூதரகம் அடையாளச் சீட்டு கொடுக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. அதைக் கடைசிக் கயிறாக வைத்துக்கொள்ளுங்கள், அதை நம்பி ரயில் ஏறாதீர்கள்.

இனி பணம். பூடான் 'நிலைத்த வளர்ச்சிக் கட்டணம்' என்று ஒன்று வாங்குகிறது. முன்பு நமக்கு அது கிடையாது. 2020-ல் சட்டம் போட்டார்கள், அதற்குள் கொரோனா வந்து எல்லையையே மூடிவிட்டார்கள். 2022 செப்டம்பர் 23 அன்று திறந்தபோது கட்டணத்தோடு திறந்தார்கள். இந்தியருக்கு ஓர் ஆளுக்கு ஓர் இரவுக்கு 1,200. ஆறிலிருந்து பன்னிரண்டு வயது வரை பாதி. அதற்குக் கீழே இலவசம். உங்கள் வீட்டுக்குப் பெரியவர் நால்வருக்கு 4,800, மகளுக்கு 600, மகனுக்கு ஒன்றுமில்லை. ஓர் இரவுக்கு 5,400.

இதில் கவனிக்க வேண்டிய சொல் 'இரவு'. பகலுக்குக் காசு இல்லை, படுக்கைக்குத்தான் காசு. நாங்கள் முதல் இரவும் கடைசி இரவும் ஜெய்காவ்னிலேயே, அதாவது நம் மேற்கு வங்கப் பக்கத்திலேயே தங்கினோம். திம்புவில் இரண்டு, பாரோவில் இரண்டு. நீங்களும் அப்படிச் செய்தால் நாலு இரவுக்கு 21,600. அதையே ஆறு இரவும் உள்ளே என்று வைத்தால் 32,400. புன்ட்சோலிங் ஊருக்குள் மட்டும் 24 மணி நேரம் கட்டணமில்லாமல் சுற்றிவிட்டு வர இடம் கொடுத்திருக்கிறார்கள், ஆனால் ஊரைத் தாண்டி ரின்செண்டிங் சோதனைச் சாவடிப் பக்கம் போகக் கூடாது. பிள்ளைகளுக்கு முதலை காட்ட வேண்டும் என்றால் ஊருக்குள்ளேயே ஒரு முதலைப் பண்ணை இருக்கிறது.

அனுமதிக்கு நாங்கள் இணையத்திலேயே விண்ணப்பித்தோம். படம், அட்டையின் நகல், எந்த ஊரில் எத்தனை நாள், எந்த ஓட்டல், எல்லாம் கேட்கும். கட்டணம் கட்டிய பிறகுதான் தாள் வரும். முதல் பெயர், கடைசிப் பெயர் என்ற கட்டங்களைப் பார்த்ததும் நம் ஆட்களுக்குக் கை நடுங்கும். மாமியாருக்கு ஒற்றைப் பெயர், வீட்டுக்காரருக்கு இனிஷியல். அட்டையில் எப்படி இருக்கிறதோ அப்படியே போடுங்கள். இனிஷியலை நீங்களாக விரித்து எழுதி அழகுபடுத்தப் போகாதீர்கள், அங்கே எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பார்ப்பார்கள்.

புனாக்கா போகும் ஆசை இருந்தால் அதையும் முதலிலேயே திட்டத்தில் எழுதுங்கள். திம்பு, பாரோவைத் தாண்டினால் வழிகாட்டி கட்டாயம். திம்புவிலிருந்து தோச்சுலா கணவாய்க்கு ஏறும் வழியில் ஹோங்சோ என்ற இடத்தில் தாள் பார்ப்பார்கள். அந்தக் கணவாயில் 108 சோர்ட்டன்கள், அதாவது சின்னச் சின்ன புத்த ஸ்தூபிகள், நிற்கின்றன, மேகம் விலகினால் பின்னால் பனிமலை. எங்களுக்கு விலகவில்லை. மாமியார் தேநீர் குடித்துவிட்டு, "வால்பாறையிலயும் இப்படித்தான் இருக்கும்" என்றார்.

வண்டி: இந்தியப் பதிவெண் வண்டிக்குத் தனியாக ஒரு நாளைக்கு 4,500 வாங்குகிறார்கள். சிலிகுரி வண்டியை ஜெய்காவ்னோடு அனுப்பிவிடுங்கள். நடந்து வருபவர்களுக்கென்று தனிக் கட்டடம் இருக்கிறது. அந்த வழியாக நுழைந்து, படம் பிடித்து, கைரேகை வைத்து, அந்தப் பக்கம் வெளியே வந்தால் பூடான் டாக்சிகள் நிற்கும். இந்தப் பக்கம் ஹாரன் சத்தம் காதைப் பிளக்கும். பத்து அடி தாண்டினால் வண்டிக்காரர் நின்று நமக்கு வழி விடுகிறார். மாமியார் பயந்துபோய் திரும்பி நின்றுவிட்டார், நம்மை ஏதோ பிடிக்கத்தான் நிறுத்துகிறார் என்று!

கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளிக்கொள்ளுங்கள். நம் ஒன்பதரை அவர்களுக்குப் பத்து. எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு கூட்டம் சாப்பாட்டு இடைவேளைக்குள் வந்துவிட்டோம் என்று நினைத்து அரை மணியில் கோட்டை விட்டது. பணம் மாற்றத் தேவையில்லை, நம் ரூபாயும் அவர்கள் நுல்ட்ரமும் ஒன்றுக்கு ஒன்று. மிச்சம் விழும் நுல்ட்ரத்தை மட்டும் ஜெய்காவ்னிலேயே செலவழித்துவிடுங்கள். நான் கொண்டுவந்த 350 இன்னும் பூஜை அலமாரியில் கிடக்கிறது.

அந்த 'நம்ம ஆள்' விஷயம்: இந்த வேலையில் அப்படி ஒருவர் செய்வதற்கு எதுவும் இல்லை. வரிசையில் நிற்பதும் விரல் வைப்பதும் நாம்தான்.

யர்ராக்கரை எழுதியது:

மச்சான் கணக்குக்கு நான் பதில் சொல்கிறேன், நானும் மெல்போர்ன்தான். ஓசிஐ அட்டை இந்தியாவுக்குள் வரத்தான் உதவும். பூடான் பார்வையில் அவர் ஆஸ்திரேலியர். அவருக்கு அனுமதிச் சீட்டு இல்லை, முன்கூட்டியே விசா எடுக்க வேண்டும். அதற்கு 40 டாலர், அதற்கு மேல் இரவுக்கு 100 அமெரிக்க டாலர். 2022-ல் 200 ஆக இருந்தது, 2023 செப்டம்பரில் பாதியாக்கினார்கள். நாலு இரவுக்கு 400 டாலர், ஒரே ஆளுக்கு!

இன்னொன்று. நீங்கள் நடந்து போவது போல அவர் போக முடியாது. ஜெய்காவ்னில் இருக்கும் இந்தியக் குடியேற்றச் சாவடியில் வெளியேறும் முத்திரை, அப்புறம் அந்தப் பக்கம் நுழையும் முத்திரை, திரும்பும்போது மறுபடி இரண்டு. நான் போனபோது என் தம்பி குடும்பம் உள்ளே போய் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தது, நான் இந்தப் பக்கம் முத்திரைக்காகச் சாவடியைத் தேடிக்கொண்டிருந்தேன். மச்சானை ஒரு மணி நேரம் முன்னாலேயே அனுப்பிவிடுங்கள். அட்டையையும் ஆஸ்திரேலிய பாஸ்போர்ட்டையும் சேர்த்தே கையில் வைத்திருக்கட்டும்.

தாமிரபரணி எழுதியது:

ஆழியாறு அக்கா, மன்னிக்கணும். நான் நேபாளத்தை வைத்துச் சொல்லிவிட்டேன். அண்ணே, என் பதிலைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

வைகைக்கரை எழுதியது:

அக்காவுக்கும் யர்ராக்கரை சாருக்கும் ரொம்ப நன்றி. மச்சானிடம் 400 டாலர் என்றேன். "நான் காங்டாக்கிலேயே இருந்து டீ குடிக்கிறேன்" என்றார்.

சான்றிதழ்களை எடுத்துப் பார்த்தேன். மகனுடையது சுத்தமாக இருக்கிறது. மகளுடையதில் பெயர் இருக்கிறது, ஆனால் ஆங்கிலத்தில் ஒரு எழுத்து பிசகி, 'யாழினி' என்பது 'யாழனி' ஆகிவிட்டது. ஆதாரில் சரியாக இருக்கிறது. இதைத் திருத்த வேண்டுமா, அப்படியே விடலாமா?

ஆழியாறு எழுதியது:

திருத்திவிடுங்கள். எல்லைக்காக மட்டும் என்றால், அவர்கள் ஆதாரைப் பார்க்கப் போவதில்லை. சான்றிதழில் உள்ள எழுத்தையே விண்ணப்பத்தில் போட்டுச் சமாளித்துவிடலாம். ஆனால் நாளைக்கு அந்தப் பிள்ளைக்குப் பாஸ்போர்ட் எடுக்கும்போது இதே எழுத்து வந்து நிற்கும். திங்கட்கிழமை போகாதீர்கள், கூட்டமாக இருக்கும். பள்ளிச் சான்றையும் உங்கள் இருவர் அட்டை நகலையும் முதல் நடையிலேயே கொண்டுபோய்விடுங்கள்.