சிறைக்குள் படித்தால் தண்டனை நாளைக் குறைக்கலாமா?

செங்கோடன்:
பிரேசிலில் 2011-லிருந்து ஒரு சட்டம் இருக்கு. சிறை வகுப்பில் 12 மணி நேரம் உட்கார்ந்தால் தண்டனையில் ஒரு நாள் கழியும். ஒரே நாளில் உட்கார்ந்து முடிக்க முடியாது, குறைந்தது மூன்று நாளாவது ஆகணும். இங்கேயும் கொண்டு வரலாம் என்பது என் கட்சி.

கரிசல்காரி:
எங்க சித்தப்பாவை வெட்டினவன் உள்ளே உட்கார்ந்து பத்தாவது பாஸ் பண்ணான். சித்தப்பா மகன் ஒன்பதாவதோட நின்னு லாரிக்குப் போயிட்டான். இதுல அவனுக்கு நாளையும் கழிக்கணுமாக்கும்?

செங்கோடன்:
உங்க வலிக்கு என்கிட்ட பதில் இல்லீங்க. ஆனா பேரறிவாளனைப் பாருங்க. 2012-ல் சிறையிலிருந்து ப்ளஸ் டூ எழுதி 1200-க்கு 1096.

கரிசல்காரி:
அவர் டிப்ளமோ முடிச்சுட்டு உள்ளே போனவர். கைநாட்டா போனவன் ஒருத்தனைக் காட்டுங்க, பேசுவோம்.

செங்கோடன்:
அது நியாயமான கேள்விதான். ஆனா 2022-ல் அவரை விடுவிச்சப்போ, உள்ளே படிச்சதையும் உச்ச நீதிமன்றம் கணக்கில் எடுத்துச்சு. அவருக்கு முப்பது வருஷம் கழிச்சுக் கிடைச்ச அந்தக் கணக்கை எல்லோருக்கும் விதியா எழுதி வைங்கன்னுதான் கேட்கிறேன்.

பழைய வாத்தியார்:
கைநாட்டைப் பற்றி நான் சொல்றேன். ஒரு மத்திய சிறையில் சில காலம் பாடம் எடுத்தேன். எழுத்துக் கூட்டிப் படிக்க வைப்பது பெரும்பாலும் நாங்க இல்லை, படித்த கைதிகள்தான். ஐம்பது வயது ஆள் ஒருத்தர் வீட்டுக் கடிதத்தை இன்னொருத்தரிடம் கொடுக்காமல் தானே வாசிக்கணும்னு வந்தார். நாள் கழிவுன்னு அறிவிச்சா அவர் பின் வரிசைக்குப் போயிடுவார், கையெழுத்துப் போட்டுட்டுத் தூங்குறவன் முன்னால உட்காருவான். அதனால நான் செங்கோடன் கட்சி இல்லை. கரிசல்காரி கட்சியும் இல்லைம்மா.

செங்கோடன்:
வருகைக்குக் கொடுக்காம தேர்ச்சிக்கு மட்டும் கொடுத்தா, ஐயா?

பழைய வாத்தியார்:
அதிலும் சிக்கல். நாட்டில் சிறையில் இருக்கிறவங்கள்ல நாலில் மூணு பேர் விசாரணைக் கைதிகள். தண்டனையே வராதவனுக்கு எதைக் கழிப்பீங்க? பரீட்சை நேரத்துல வாய்தா வரும், இல்லை வேற சிறைக்கு மாத்திடுவாங்க. முதல்ல பரீட்சை முடியும்வரை மாத்த மாட்டோம்னு ஒரு உத்தரவு வாங்கித் தாங்க.

கரிசல்காரி:
அந்த உத்தரவு வரட்டும், நான் தடுக்கலை. நாள் கழிவுக்கு மட்டும் ஒத்துக்க மாட்டேன். அந்த லாரிக்காரனுக்கு இப்போ வயசு இருபத்தி மூணு. தனித்தேர்வரா பத்தாவது எழுத முடியுமா, வாத்தியாரே?

பழைய வாத்தியார்:
தாராளமா. எந்த ஊர்னு சொல்லுங்க.