கௌதாரி இறகு ஒடிந்துகொண்டே இருக்கிறது, உதவுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் வார்ஃப் ஆற்றுப் பக்கம் இருக்கிறேன். டிரவுட் மீன் பிடிக்க இந்த ஊர்ப் பழைய 'ஈ' ஒன்றைக் கட்டப் பழகுகிறேன்; அதாவது, பூச்சிபோல் தெரியும்படி தூண்டில் முள்ளில் நூலும் இறகும் சுற்றிச் செய்யும் போலி இரை. பெயர் 'பார்ட்ரிட்ஜ் அண்ட் ஆரஞ்ச்'. 14ஆம் நம்பர் முள், ஆரஞ்சுப் பட்டு நூல், கௌதாரியின் பழுப்பு இறகு, அவ்வளவுதான்.

ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன்பே மாசிடோனியாவில் முள்ளில் சிவப்புக் கம்பளி சுற்றி, சேவலின் இரண்டு இறகுகளைக் கட்டி மீன் பிடித்ததாக ரோமானிய எழுத்தாளர் ஏலியன் எழுதியிருக்கிறார். அந்த நீண்ட வரிசையில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த ஈதான். தண்ணீரில் அதன் இழைகள் மூச்சு விடுவதுபோல் விரிந்து மடங்கும்.

சிக்கல் இதுதான். இறகின் நுனியைக் கட்டிவிட்டு முள்ளைச் சுற்றிக் கொண்டுவரும்போது, இரண்டாவது சுற்றில் தண்டு பட்டென்று ஒடிகிறது. நேற்று மட்டும் ஏழு இறகுகள் போயின. ஈரத்துணியில் வைத்தும் பார்த்துவிட்டேன். ஒரு பக்கத்து இழைகளை உரித்துவிட்டு ஒரே சுற்றோடு நிறுத்தலாமா? அடிப்பக்கத்திலிருந்து கட்டுவது நல்லதா?

அப்புறம், நூலில் தேன்மெழுகு தடவினால் பட்டு கருத்துவிடுகிறது. நீங்கள் எவ்வளவு தடவுகிறீர்கள்? கட்டிப் பழகியவர்கள், இறகைப் பிடிக்கும் விதம் தெரியும்படி ஒரு படம் போட்டால் பேருதவியாக இருக்கும்.