கொலுவுக்கு 29 செ.மீ. சீன அரசி: அங்கி, மணி, தலையணி சந்தேகங்கள்

கானாடுகாத்தான் ஆச்சி:
பெட்டி இல்லாத பார்பி அளவு வினைல் பொம்மை இருக்கிறது. நவராத்திரிக்குச் சீன அரசியாக உடுத்தி மூன்றாம் படியில் வைக்க வேண்டும். கையில் இருப்பவை: அரக்குப் பட்டுப் புடவையின் முந்தானைத் துண்டு, தங்க நிறப் பாசிமணி, பித்தளைக் கம்பி. டிராகன் அங்கியோடு, படங்களில் வரும் இறக்கை மாதிரியான அகலத் தலையணியும் வைக்க எண்ணம். அரக்கு நிறம் பொருந்துமா? முந்தானையைச் சுற்றிப் பார்த்தால் உப்பி நிற்கிறது, ஏன்? கழுத்துமணி எத்தனை கோர்க்க வேண்டும்? தோட்டுக்குப் பித்தளை ஆகுமா?

குன்றக்குடியான்:
முதலில் எந்தக் காலத்து அரசி என்று முடிவு செய்யுங்கள் ஆச்சி. அகலக் கையும் ஃபீனிக்ஸ் கிரீடமும் மிங் காலம் (1368–1644). டிராகன் அங்கி, குதிரைக்குளம்பு போல விரிந்த கைமுனை என்றால் சிங் காலம் (1644–1912). சிங் அரண்மனையில் நிறமும் மணியும் விதிப்படிதான்; சியன்லோங் பேரரசர் காலத்தில் 1759-இல் அதைப் படங்களோடு தொகுத்தே வைத்தார்கள். அதன்படி அரசியின் அங்கி பளிச்சென்ற மஞ்சள், கழுத்தும் கைமுனையும் கருநீலம். அரக்கைத் தள்ளி வையுங்கள்.

விழா அங்கியில் டிராகன் ஒன்பது: நெஞ்சு, முதுகு, இரண்டு தோள், கீழே முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. ஒன்பதாவது உள்மடிப்புக்குள் ஒளிந்திருக்கும். பொம்மையில் அதை விட்டுவிட்டாலும் கேட்க ஆளில்லை. முன்துண்டு இடமிருந்து வலம் மேலேறி, பொம்மையின் வலது அக்குளில் பொத்தானிட வேண்டும். மாற்றிப் போட்டால் விஷயம் தெரிந்தவர் கண்ணில் முதலில் படுவது அதுதான். பெண்கள் அங்கிக்குப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டே பிளவு; நான்கு பிளவு ஆண்களுடையது.

அந்த இறக்கைத் தலையணி சிங் காலக் கடைசியில் சாதாரண உடையோடு அணிந்தது. விழா அங்கிக்குக் கூடை கவிழ்த்த மாதிரியான, பூவும் முத்தும் பதித்த தலையணிதான் சரி. அசலில் நீலத்துக்கு மீன்கொத்தி இறகை ஒட்டுவார்கள். நமக்கு 3 மி.மீ. நீல சாட்டின் ரிப்பன் போதும், இறகைத் தேடிப் போகாதீர்கள்.

தேவகோட்டை ஊசிநூல்:
உப்பலுக்குக் காரணம் எளிது. பொம்மை ஆளில் ஆறில் ஒரு பங்கு. துணியின் தடிமன் அப்படிக் குறையவில்லை. ஜரிகைப் பட்டு அந்த அளவில் அட்டைக்குச் சமம். பூவும் பெரிது, ஒரு மாங்காய்ப் புட்டாவே நெஞ்சை அடைத்துவிடும். கண்டாங்கியும் வேண்டாம், அதுவும் தடிமன். சுடிதார் லைனிங்குக்கு விற்கும் மெல்லிய மஞ்சள் துணி அரை மீட்டர் வாங்குங்கள், பிழை செய்து திருத்தவும் மிஞ்சும்.

வெட்டு: 48 செ.மீ. நீளத் துணியைக் குறுக்கே மடித்தால் தோள் தையலே இல்லாமல் T வடிவம் வரும். மார்பு சுமார் 13 செ.மீ. என்றால் அக்குளில் சுற்றளவு 18, கீழ்முனையில் 28. கைமுனை 4.5-க்குக் குறைந்தால் பெருவிரல் மாட்டும். உடுத்தும்போது கையில் வெண்ணெய்த்தாள் சுற்றிவிட்டால் வழுக்கிப் போகும். பொம்மைக்குப் பொம்மை உடம்பு மாறும் என்பதால் முதலில் பழைய வேட்டித் துணியில் வெட்டிப் பாருங்கள். தையலுக்கு 5 மி.மீ. விடுங்கள், 3 விட்டால் பிரிந்துபோகும்.

டிராகனைத் தைக்காதீர்கள், வரையுங்கள். கஞ்சி போட்டுக் காயவைத்த துணியில் 000 எண் கொண்ட மிக மெல்லிய தூரிகையால் துணிச் சாயம். கஞ்சி இல்லாவிட்டால் வண்ணம் ஊறிப் பரவும். ஐந்து நகமும் தெரியாவிட்டால் பரவாயில்லை, தலையும் உடம்பின் வளைவும் வந்தால் போதும். நம்மூர்த் தூணில் இருக்கும் யாளியாக மட்டும் ஆக்கிவிடாதீர்கள்! அடியில் 4 செ.மீ. உயரத்துக்குச் சாய்வான ஐந்து நிற வரிகள், ஒவ்வொன்றும் 2 மி.மீ.; அதுதான் கடலலை. காய்ந்ததும் பின்பக்கம் இஸ்திரி போட்டால் வண்ணம் நிற்கும்.

மடிப்பு படிய, அங்கியை பாட்டிலில் சுற்றி ஆவி காட்டுங்கள். பொம்மையின் மேல் வைத்துக் காட்டினால் முடி சிலிர்த்துப்போகும், பிறகு சீப்புக்கும் அடங்காது.

பள்ளத்தூர் பாசிமணி:
மணி 108, நடுநடுவே 27-க்கு ஒன்றாகப் பெரிய மணி 4. 2 மி.மீ. உருண்டை மணி 108 கோர்த்தால் 21.6 செ.மீ., 3 மி.மீ. பெரிய மணி நான்கும் சேர்ந்தால் 22.8. இடுப்புக்குச் சற்றுக் கீழே வரும். கடையில் கேட்டால் தட்டைப் பாசியைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார்கள். அதைக் கோர்த்தால் மாலை குட்டையாகிவிடும். பக்கத்தில் தொங்கும் சின்னச் சரங்கள் மூன்று, தலா 10 மணி. பெண்களுக்கு வலப்பக்கம் இரண்டு, இடப்பக்கம் ஒன்று, ஆண்களுக்கு நேர்மாறு. விழா அங்கிக்கு ஒரே மாலை போதும், அரசவை முழு உடைக்குத்தான் மூன்று. தலையணி வைப்பதற்கு முன்பே மாலையைப் போட்டுவிடுங்கள்.

பித்தளை வேண்டவே வேண்டாம். அதிலுள்ள செம்பு வினைலோடு சேர்ந்து காதைச் சுற்றிப் பச்சையாக ஊறும், வெளியே துடைத்தால் போகாது. துருப்பிடிக்காத எஃகு ஊசி வாங்குங்கள். சிங் அரச குடும்பமான மஞ்சு இனத்து அரசிகளுக்குக் காதுக்கு மூன்று தோடு. ஓட்டை ஒன்றுதானே, ஒரே ஊசியில் மூன்று முத்தைத் தொங்கவிடலாம்.

கானாடுகாத்தான் ஆச்சி:
மஞ்சளே எடுக்கிறேன். முந்தானைத் துண்டை இரண்டு நாள் சுற்றி வைத்ததில் கழுத்தடியில் சிவப்புக் கறை. போகுமா?

குன்றக்குடியான்:
போகும், பொறுமை வேண்டும். மருந்துக்கடையில் கிடைக்கும் பென்சாயில் பெராக்சைடு பரு ஜெல்லைக் கறைமேல் மட்டும் தடவி, மெல்லிய பிளாஸ்டிக் தாளால் மூடி, ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு பகல். துடைத்துப் பார்த்து, மறுபடியும். உதடு, புருவத்தில் பட்டால் வண்ணம் வெளுக்கும். கறை மங்கியதும் நிறுத்துங்கள், மேலும் வைத்தால் தோலே வெளுத்துவிடும். மொட்டைமாடி வெயிலில் வைக்காதீர்கள்.

இனிமேல் எந்தச் சாயத் துணிக்குள்ளும் சாயம் போடாத வெள்ளை மல் உள்ளாடை வேண்டும். தண்ணீரில் சாயம் போகாத துணி என்று நம்ப முடியாது. வினைலை மென்மையாக்கக் கலந்திருக்கும் பொருள் எண்ணெய் மாதிரியானது, தண்ணீருக்கு அசையாத சாயத்தையும் அது இழுத்துக்கொள்ளும்.

தேவகோட்டை ஊசிநூல்:
கொலு முடிந்ததும் பரணில் ஏற்றாதீர்கள் ஆச்சி, சித்திரை வெயிலில் வினைல் பிசுபிசுக்கும். வளவின் உள்ளறை அலமாரி நல்லது. அந்துருண்டைக்குப் பதில் துணிப்பையில் வசம்பு, அதுவும் பொம்மையைத் தொடாமல். தலையணியைக் கழற்றித் தனியாக வையுங்கள், எஃகு ஊசியையும் காதிலிருந்து உருவிவிடுங்கள்.