முழங்கால் வலியோடு ஓட்ட எந்த மோட்டார் சைக்கிள் நல்லது?

கேள்வி (கொக்கட்டிச்சோலை):
வயது 66. பழைய ஹொண்டா சிடி 125 இன்னும் ஓடுகிறது. ஆனால் கிக்கர் அடிக்க வலது முழங்கால் விடுவதில்லை. காலையில் வயல், அப்புறம் மண்முனைப் பாலத்தால் மட்டக்களப்பு டவுன். வேகம் எனக்குத் தேவையில்லை. பிள்ளைகள் ஸ்கூட்டி எடுக்கச் சொல்கிறார்கள். வயல் பாதைக்கு அது சரிவருமா?

பதில் (கல்லடி):
ஐயா, டவுனுக்கு மட்டும் என்றால் ஸ்கூட்டிதான். கியர் இல்லை, காலைத் தூக்கிப் போட்டு ஏறவும் தேவையில்லை. கிரவல் ரோட்டில்தான் சிக்கல். ஸ்கூட்டியின் 10 அங்குலச் சில்லு ஒவ்வொரு குழியிலும் விழுந்து இடுப்பில் இடிக்கும். மோட்டார் சைக்கிளின் 17 அங்குலச் சில்லு அதே குழியை உருண்டு கடந்துவிடும். செல்ஃப் ஸ்டார்ட் உள்ள பஜாஜ் பிளாட்டினா பாருங்கள். சீட் மெத்தென்று இருக்கும், சஸ்பென்ஷனும் இதம்.

பதில் (செங்கலடி):
என் அப்பாவுக்கும் இதே முழங்கால் வலிதான். வாங்குமுன் சீட்டில் இருந்து, இரண்டு பாதமும் முழுதாக நிலத்தில் பதிகிறதா என்று பாருங்கள். நுனிக்கால்தான் எட்டுகிறது என்றால் அந்த வண்டி வேண்டாம் ஐயா. மாரியில் சேற்றில் சரியும்போது பிடித்து நிறுத்த முடியாது.

கேட்டவர்:
சரி தம்பிமார். இரண்டிலும் ஏறி இருந்து பார்க்கிறேன். பிளாட்டினாவில் காலைத் தூக்கிப் போடுவதுதான் கொஞ்சம் யோசனை.