லெகோ கட்டையில் துப்பாக்கி: கட்டலாமா, கூடாதா?

குடந்தைக் கட்டைக்காரன்:
மூன்று வாரமாக உட்கார்ந்து லெகோ கட்டைகளில் ஒரு ரப்பர் பேண்ட் துப்பாக்கி செய்து முடித்தேன். உருவம் வர இரண்டே நாள். மீதி நாளெல்லாம் விசைக்குத்தான். விசையை இழுத்தால் கொக்கி விலகி ரப்பர் பாய வேண்டும். கட்டை மேலிருக்கும் ஒரு குமிழின் நடுவிலிருந்து அடுத்த குமிழின் நடுவுக்கு 8 மில்லிமீட்டர். கொக்கியை ஒரு குமிழ் தள்ளி வைத்தால் விசை அசையாது, இன்னொரு பக்கம் தள்ளினால் தொடாமலே விட்டுவிடும். ரப்பர் இழுக்கிற இழுப்பில் கட்டைகள் பிரியாமல் இருக்க மேலும் கீழும் நீளக்கட்டை போட்டுப் பூட்டினேன். நெம்புகோல் பாடம் எனக்கு இப்போதுதான் விளங்கியது.

மன்னார்குடி அக்கா:
உன் உழைப்பைக் குறை சொல்லவில்லை தம்பி. ஆனால் என் வீட்டில் இதற்கு இடமில்லை. போன கோடை விடுமுறையில் என் மகன் இதே மாதிரி ஒன்று செய்து, ஒற்றைக் குமிழ் கட்டையை வைத்து அடித்தான். தங்கச்சியின் புருவத்தில் பட்டது. அரை அங்குலம் கீழே என்றால் கண். அன்றிரவு நான் தூங்கவே இல்லை. இன்றைய ராணுவ ஆயுதங்களை அச்சு அசலாகச் செய்வதில்லை என்பது லெகோ நிறுவனத்தின் கொள்கை. 2020இல் ஆஸ்ப்ரே என்ற ராணுவ விமானத்தின் பெட்டியைக் கடைக்கு வருமுன்பே நிறுத்திவிட்டார்கள்.

குடந்தைக் கட்டைக்காரன்:
பாப்பாவுக்கு இப்போது பரவாயில்லையா அக்கா? ஆனால் அதே நிறுவனம் ஸ்டார் வார்ஸ் பெட்டிகளில் குமிழ் எய்யும் குட்டித் துப்பாக்கி தருகிறதே. கோட்டைப் பெட்டிகளில் வாளும் ஈட்டியும் எவ்வளவு காலமாக இருக்கின்றன!

திருவையாற்றுத் தாத்தா:
நாங்கள் படித்துறையில் கவட்டையோடு திரிந்தவர்கள். தீபாவளிக்குச் சுருள் கேப் துப்பாக்கி இல்லாமல் இருந்ததில்லை. ஆனாலும் அந்த அம்மா பக்கம்தான் நான். கவட்டையில் என் கூட்டாளி ஒருவனுக்கு ஒரு கண் பார்வை போனது. விசையின் நுட்பம்தான் வேண்டுமென்றால் நெல் தூற்றும் இயந்திரத்தைக் கட்டிப் பாரேன்.

குடந்தைக் கட்டைக்காரன்:
அதில் கொக்கி விடுபடும் அந்த ஒரு நொடி இல்லையே தாத்தா. சரி, கட்டையை வைத்து எய்ய மாட்டேன். வெறும் ரப்பர் மட்டும்தான், அதுவும் சுவரோரம் வைத்த தீப்பெட்டியைப் பார்த்து.

மன்னார்குடி அக்கா:
ரப்பரும் கண்ணில் பட்டால் கண்தான். நீ செய், கண்ணாடி போட்டுக்கொண்டு செய். என் மகனுக்குச் செய்முறை மட்டும் அனுப்பாதே.