ஆறு வயதுப் பையனுக்கு வைடால் 160: டைபாய்டு என்று முடிவு கட்டலாமா?

நாகலூர் தகப்பன் (திங்கள், இரவு 9.10)

அனைவருக்கும் வணக்கம். ஏற்காட்டை அடுத்த நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் குடியிருக்கிறோம். என் மகனுக்கு ஆறு வயது, எடை பதினெட்டு கிலோ. போன வியாழக்கிழமை தொடங்கிய காய்ச்சல் இன்னும் விடவில்லை; மாலையானால் 103 வரை ஏறுகிறது, பையன் சோற்றைத் தொடுவதில்லை. இரண்டாம் நாள் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய செஃபிக்சிம் என்ற ஆன்டிபயாடிக் சிரப்பை மூன்று வேளை கொடுத்து, பலன் தெரியாததால் நிறுத்திவிட்டோம். இன்று காலை மலையிறங்கிச் சேலத்தில் ரத்தம் பார்த்ததில் மலேரியா இல்லை, டெங்கு இல்லை, டைபாய்டுக்கான வைடால் சோதனை மட்டும் ஓ 160, எச் 160 என்று வந்தது. தாளில் 'பாசிட்டிவ்' என்று எழுதியிருந்தது. அதைப் பார்த்த மருத்துவர் உடனே ஊசி தொடங்கலாம் என்றார். மாலையில் பார்த்த குழந்தை மருத்துவரோ வைடாலை நம்ப முடியாது, முதலில் ரத்தக் கல்ச்சருக்கு, அதாவது ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, கொடுங்கள் என்கிறார். அதற்கு ஐந்து மில்லி ரத்தம் வேண்டுமாம், முழு முடிவு வர ஐந்து நாள் ஆகுமாம். வாடிக் கிடக்கும் பிள்ளையிடம் அவ்வளவு ரத்தம் எடுப்பதா என்று வீட்டில் அழுகிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

செவ்வாய்ப்பேட்டை ஆய்வகர் (திங்கள், இரவு 9.45)

இருபத்தெட்டு ஆண்டுகளாக ரத்தம் பார்க்கிறவன் என்ற முறையில் எழுதுகிறேன். ஐந்து நாள் காய்ச்சல், மாலையில் ஏறும் சூடு, சோறு இறங்காமை, மலேரியாவும் டெங்குவும் இல்லை, வைடால் 160. இவ்வளவையும் சேர்த்துப் பார்த்த பிறகும் டைபாய்டு என்று சொல்லத் தயங்குவது கற்றவர்களின் ஆடம்பரம் என்றே எனக்குப் படுகிறது. கவனிக்காமல் விட்டால் மூன்றாவது வாரத்தில் குடலில் ஓட்டை விழக்கூடிய நோய் இது. கல்ச்சர் உயர்ந்த சோதனைதான், மறுக்கவில்லை. ஆனால் உண்மையிலேயே டைபாய்டு உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப் பேரை மட்டுமே அது பிடிக்கிறது. பாதியைத் தவறவிடும் சோதனையை நம்பு, ஒரு மணி நேரத்தில் விடை தரும் சோதனையை நம்பாதே என்றால், அந்த நியாயம் எனக்கு விளங்கவில்லை.

அஸ்தம்பட்டி மருத்துவர் (திங்கள், இரவு 10.30)

ஆய்வகர் ஐயாவின் அனுபவத்துக்கு மதிப்பளித்தே மறுக்கிறேன். வைடால் 1896இல் வந்த சோதனை. அது கிருமியைப் பார்ப்பதில்லை. கிருமிக்கு எதிராக உடல் செய்துவைத்த எதிர்ப்புப் பொருளைப் பார்க்கிறது. கிருமியின் உடற்பரப்புக்கு எதிரான ஓ வகை எதிர்ப்புப் பொருள் முதல் வாரத்தின் கடைசியில்தான் தலைகாட்டும், கிருமி நீந்தப் பயன்படுத்தும் இழைக்கு எதிரான எச் வகை அதற்கும் சில நாள் பின்னால் வரும். ஐந்தாம் நாளிலேயே இரண்டும் 160இல் ஒன்றாக நிற்கின்றன என்றால், அவை இந்தக் காய்ச்சலுக்காக வந்தவைதானா என்ற ஐயம் எழ வேண்டும்.

எப்போதோ வந்துபோன நோயின் மிச்சமாக இருக்கலாம். டைபாய்டுக் கிருமியின் இனத்தைச் சேர்ந்த வேறு சால்மோனெல்லாக் கிருமியால் வந்திருக்கலாம். வேறொரு காய்ச்சல் பழைய நினைவைக் கிளறியும் டைட்டரை, அதாவது 160 என்று குறிக்கும் எதிர்ப்புப் பொருளின் அளவை, உயர்த்தியிருக்கலாம். டைபாய்டு நடமாடும் ஊரில் காய்ச்சலே இல்லாத பிள்ளைகளின் ரத்தத்திலும் கொஞ்சம் டைட்டர் இருக்கும். நம்மூர்ப் பிள்ளைகளுக்கு இயல்பான அளவு எது என்று தெரியாமல் 160க்கு அருகில் 'பாசிட்டிவ்' என்று எழுதுவது பொருளற்றது. டைபாய்டு நம்மிடம் அரிது என்று நான் சொல்லவில்லை. 2017 முதல் 2020 வரை வேலூர் உட்பட நான்கு இடங்களில் குழந்தைகளைத் தொடர்ந்து கண்காணித்து நடந்த ஆய்வில், நகரப் பகுதிகளில் ஆண்டுக்கு ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 576 முதல் 1,173 வரை கல்ச்சரில் உறுதியான டைபாய்டு கண்டார்கள். நோய் இவ்வளவு பரவலாக இருப்பதால்தான் ஒற்றை வைடால் இங்கே இன்னும் மங்கலாகிறது.

கண்ணாடித் தகட்டில் செய்தார்களா, குழாயில் செய்தார்களா என்பதையும் கேளுங்கள். தகட்டில் சில நிமிடங்களில் வரும் விடையில் பொய்ப் பாசிட்டிவ் அதிகம்.

கணக்கு வாத்தியார் (செவ்வாய், காலை 6.20)

நான் மருத்துவம் படித்தவன் அல்லன். அம்மாப்பேட்டையில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறவன். 'பாதிப் பேரைப் பிடிக்கிறது' என்று ஆய்வகர் சொன்னதில் ரத்தத்தின் அளவு என்ற கணக்கு விட்டுப்போயிருக்கிறது. டைபாய்டுக் கிருமி ரத்தத்தில் மிகக் குறைவாகவே இருக்கும். பல நோயாளிகளுக்கு ஒரு மில்லிக்கு ஒன்றுகூடத் தேறாது. சிறுவர்களுக்குப் பெரியவர்களைவிடச் சற்று அதிகம் என்கிறார்கள். சராசரியாக மில்லிக்கு ஒன்று என்றே வைத்துக்கொள்வோம். ஒரு மில்லி மட்டும் எடுத்தால், அதில் கிருமியே இல்லாமல் போக 100க்கு 37 வாய்ப்பு. மூன்று மில்லி எடுத்தால் அது 100க்கு 5 ஆகச் சுருங்குகிறது. பிள்ளை அழுகிறது என்று அரை மில்லியோடு ஊசியை உருவிவிட்டுப் பிறகு கல்ச்சரைக் குறை சொல்வது, ஏரியில் ஒரு குவளை தண்ணீர் மொண்டு பார்த்துவிட்டு மீனே இல்லை என்று சாதிப்பது போன்றது.

பதினெட்டுக் கிலோ பிள்ளையின் உடலில் 1,300 மில்லிக்கு மேல் ரத்தம் இருக்கும். ஐந்து மில்லி அதில் நூற்றில் அரைப் பங்குகூட இல்லை. வீட்டாரிடம் இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள்.

மலைச் செவிலி (செவ்வாய், காலை 7.05)

கணக்கு அழகாக இருக்கிறது, வாத்தியார் ஐயா. மலைக் கிராமங்களில் முப்பது ஆண்டுகள் நடந்த காலில் நின்று பேசுகிறேன். மலையாளிப் பழங்குடி மக்கள் வீட்டிலும் தோட்டத்து லைன் வீடுகளிலும் பிள்ளைக்கு விஷக்காய்ச்சல் என்றால், ஒரு நாள் கூலியை விட்டு, கொண்டை ஊசி வளைவுகள் இருபதும் இறங்கிச் சேலம் போய்த் திரும்புவதே பெரும்பாடு. முதல் நாள் ரத்தம் கொடுக்க ஒரு பயணம், முடிவு வாங்க இன்னொரு பயணம் என்றால் இரண்டாம் பயணம் நடக்காது. அஸ்தம்பட்டியில் இருந்துகொண்டு வைடால் பொருளற்றது என்று எழுதிவிடுவது எளிது. கல்ச்சர் இல்லாத இடத்தில் எங்களுக்கு வேறு என்ன இருந்தது?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒருமுறை எங்கள் பகுதியில் எடுத்த கல்ச்சர் புட்டியை, கெட்டுவிடக் கூடாதே என்ற நல்ல எண்ணத்தில் தடுப்பூசிப் பெட்டியில் ஐஸோடு வைத்து அனுப்பினார்கள். அதில் எதுவும் வளரவில்லை. வளர்ந்திருக்குமா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

அஸ்தம்பட்டி மருத்துவர் (செவ்வாய், மதியம் 1.40)

அம்மா, நீங்கள் சொன்ன கடைசிச் செய்தி இந்த விவாதம் முழுவதற்கும் பெறுமானமுள்ளது. கல்ச்சர் புட்டியைக் குளிரில் வைக்கவே கூடாது. அறை வெப்பத்திலேயே வைத்து, கூடிய விரைவில், அன்றைக்கே ஆய்வகம் சேர்க்க வேண்டும். மலையில் மார்கழிக் குளிரென்றால் ஒரு துணியில் சுற்றி எடுத்து வந்தால் போதும். எந்த வாரம் எடுக்கிறோம் என்பதும் முக்கியம். முதல் வாரத்தில் ரத்தத்தில் கிருமி கிடைக்கும் வாய்ப்பு அதிகம், நாளாக ஆகக் குறையும். வைடால் இதற்கு நேர் எதிரானது. ஆகவே ஐந்தாம் நாளில் கல்ச்சரை விட்டு வைடாலைப் பிடிப்பது, விதைக்கும் பருவத்தில் அறுவடைக்கு அரிவாளோடு போவதாகும்.

ஐந்து நாள் காத்திருந்து மருந்து கொடுங்கள் என்று நான் எங்கும் சொல்லவில்லை. ரத்தத்தை எடுத்துவிட்டு அந்த நிமிடமே மருந்தைத் தொடங்கலாம். வளர்வதானால் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் தெரிந்துவிடும். எந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும் என்பதும் அதில்தான் தெரியும். சிப்ரோஃப்ளாக்சசினுக்கு நம் நாட்டு டைபாய்டுக் கிருமி பெரும்பாலும் அடங்காமல் போனதைக் கண்டுசொன்னது கல்ச்சர்தான், வைடால் அன்று.

மலைப்பகுதி என்பதால் ஒரு வேண்டுகோள். பையனின் அக்குள், கவட்டி, காதின் பின்புறம், தலைமுடிக்குள் எல்லாம் சிகரெட்டால் சுட்டதுபோல் கருகிய ஒரு சிறு புண் இருக்கிறதா என்று பாருங்கள். புதரில் வாழும் நுண்பூச்சி கடித்து வரும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் தொடக்கத்தில் அச்சு அசலாக டைபாய்டு போலவே இருக்கும். அதில் வைடால் பொய்யாகப் பாசிட்டிவ் ஆவதும் உண்டு. டைபாய்டுக்குப் போடும் செஃப்ட்ரையாக்சோன் அதைத் தொடாது.

செவ்வாய்ப்பேட்டை ஆய்வகர் (செவ்வாய், மாலை 6.15)

இந்தப் பிள்ளைக்கு ஏற்கெனவே செஃபிக்சிம் மூன்று வேளை போய்விட்டது. முன்கூட்டிக் கொடுத்த ஆன்டிபயாடிக் கல்ச்சரின் பிடிக்கும் திறனை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்துவிடுகிறது. நாளை 'வளர்ச்சி இல்லை' என்று தாள் வரும். அதைப் பார்த்து வீட்டார் 'டைபாய்டு இல்லையாம்' என்று பாதி மருந்தில் நிறுத்துவார்கள். பொய்ப் பாசிட்டிவால் ஒரு பிள்ளைக்கு வேண்டாத ஊசி பத்து நாள். பொய் நெகட்டிவால் ஒரு பிள்ளைக்கு உயிர்ப் பயம். எது பெரிய தவறு என்று மருத்துவரம்மா எண்ணிப் பார்க்கட்டும்.

அஸ்தம்பட்டி மருத்துவர் (செவ்வாய், இரவு 8.50)

முதல் பாதியை முழுமையாக ஏற்கிறேன். வளர்ச்சி இல்லை என்பது நோய் இல்லை என்பதற்குச் சான்றாகாது. தாளிலேயே அச்சிட்டுக் கொடுக்க வேண்டிய வாக்கியம் அது. ஆன்டிபயாடிக்கைக் கட்டிப்போடும் பிசின் கலந்த புட்டிகள் இப்போது கிடைக்கின்றன, இந்தப் பையனுக்கு அதைக் கேளுங்கள். ஆனால் சீக்கிரம் கொடுத்த அதே ஆன்டிபயாடிக், எதிர்ப்புப் பொருள் உருவாவதையும் மந்தப்படுத்தும் என்பதை ஐயா விட்டுவிட்டார். அந்த மூன்று வேளை சிரப் இரண்டு சோதனைகளையும் சேர்த்தே குழப்பியிருக்கிறது. மருந்துச் சீட்டு இல்லாமல் அதைக் கொடுத்த கடையின்மேல்தான் நாம் இருவரும் கோபப்பட வேண்டும்.

சங்ககிரி அம்மா (புதன், காலை 10.00)

ஒரு சிறு ஐயம். என் மகளுக்குப் போன ஆண்டு டைபாய்டுத் தடுப்பூசி போட்டோம். இனி வைடால் செய்தால் அதனாலேயே பாசிட்டிவ் வருமா?

அஸ்தம்பட்டி மருத்துவர் (புதன், மதியம் 1.15)

வராது. முழுக் கிருமியைக் கொன்று செய்த அந்தக்காலத் தடுப்பூசி வைடாலை உயர்த்தும். இப்போது போடும் இணைப்புத் தடுப்பூசியில் டைபாய்டுக் கிருமியின் விஐ என்ற மேலுறைப் பொருள் மட்டுமே உண்டு. வைடால் பார்ப்பது ஓ, எச் இரண்டையும்தான்.

நாகலூர் தகப்பன் (இரண்டு வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 5.30)

தாமதத்துக்கு மன்னிக்கவும். செவ்வாயன்றே ஐந்து மில்லி எடுத்தார்கள், உடனே செஃப்ட்ரையாக்சோன் ஊசி தொடங்கியது. வாத்தியார் ஐயாவின் கணக்கைச் சொன்ன பிறகுதான் என் மனைவி சம்மதித்தாள். கல்ச்சரில் எதுவும் வளரவில்லை. உடம்பில் கருகிய புண்ணும் கண்ணில் படவில்லை. நான்கு நாள் ஊசிக்குப் பிறகும் காய்ச்சல் இறங்காததால் அசித்ரோமைசின் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக்கும் சேர்த்தார்கள். இரண்டு நாளில் விட்டது. முதல் வைடாலுக்குப் பதினொரு நாள் கழித்து எடுத்த இரண்டாவதில் ஓ 160, எச் 160, அப்படியே இருக்கிறது. மருத்துவமனைத் தாளில் 'டைபாய்டாக இருக்கலாம்' என்று எழுதிக் கொடுத்தார்கள். பையன் இப்போது ஓடி விளையாடுகிறான். அவனுக்கு வந்தது என்ன என்று யாராவது சொல்ல முடியுமா?

செவ்வாய்ப்பேட்டை ஆய்வகர் (ஞாயிறு, இரவு 7.10)

பிள்ளை தேறியது மகிழ்ச்சி. டைபாய்டுதான் என்பேன். முறையான ஊசி போட்டாலும் டைபாய்டுக் காய்ச்சல் இறங்க ஐந்து முதல் ஏழு நாள் எடுப்பது வழக்கம். இங்கே ஆறாம் நாள் இறங்கியிருக்கிறது. டைட்டர் ஏறாததற்கு முன்னரே மருந்து கொடுத்தது காரணம் என்று மருத்துவரம்மாவே எழுதியிருக்கிறார்.

அஸ்தம்பட்டி மருத்துவர் (ஞாயிறு, இரவு 9.00)

அதே செய்திகளை வைத்து ஸ்க்ரப் டைபஸ் என்றும் வாதிடலாம். அசித்ரோமைசின் இரண்டு நோய்க்கும் கேட்கும், ஸ்க்ரப் டைபஸ் அதற்கு ஓரிரு நாளில் அடங்கும். கருகிய புண் எல்லோருக்கும் தெரிவதில்லை. வைடால் டைபாய்டைச் சொல்ல வேண்டுமானால் இரண்டாம் முறை நான்கு மடங்காவது, அதாவது 640 ஆக ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. இரண்டாம் வாரத்தில், புதிதாகத் தோன்றும் எதிர்ப்புப் பொருளைப் பார்க்கும், ஸ்க்ரப் டைபஸுக்கான ஐஜிஎம் சோதனையும் செய்திருந்தால் ஒரு பக்கமாவது தெளிந்திருக்கும். இப்போது உள்ளதை வைத்து என்னால் பெயர் சொல்ல முடியாது, தகப்பனாரே.

மலைச் செவிலி (திங்கள், காலை 6.45)

இருவரும் அனுமதித்தால் ஒன்று கேட்கிறேன். வைடாலுக்கு எடுக்கும் ரத்தத்தில் மேலே தெளியும் நீரை மட்டும் பயன்படுத்திவிட்டு, கீழே உறைந்த கட்டியைக் கொட்டிவிடுகிறோம். அந்தக் கட்டியையே பித்தநீர் கலந்த திரவத்தில் போட்டுக் கல்ச்சர் செய்யும் முறை முன்பு இருந்தது. ஒரே குத்தலில் இரண்டு சோதனையும் நடக்குமே?

செவ்வாய்ப்பேட்டை ஆய்வகர் (திங்கள், காலை 8.20)

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் செய்திருக்கிறேன், அம்மா. பித்தநீர் மற்றக் கிருமிகளை அடக்கி டைபாய்டுக் கிருமியை வளரவிடும். ரத்தத்திலேயே இருக்கும், கிருமியைத் தடுக்கும் பொருள்களும் தெளிந்த நீரோடு போய்விடும். குழாய் கிருமி நீக்கியதாக இருக்க வேண்டும், கட்டியைச் சிதைத்துப் போட வேண்டும், அவ்வளவே. வைடாலோடு கட்டிக் கல்ச்சரும் என்று மருத்துவர்கள் சீட்டில் எழுதினால் நாளைக்கே தொடங்குகிறேன். வைடாலை எழுதாதே என்று மட்டும் சொல்லாதீர்கள்.

அஸ்தம்பட்டி மருத்துவர் (திங்கள், மதியம் 1.30)

கட்டிக் கல்ச்சரை எழுதுகிறேன். ஏழாம் நாளுக்கு முன்னால் வைடாலை எழுத மாட்டேன்.